கோபி, தாராபுரம், பொள்ளாச்சிப் பக்கம் ரத்தம் எடுக்க ஆள் வேணுமுங்க

வணக்கமுங்க. இதயமும் நுரையீரலும் சேர்த்து மாற்றி வீடு திரும்பியவர்களைக் கவனிக்க உதவி தேவை.

முதலில், ஊசி போடத் தெரிந்தவர்கள். உடம்பு புது உறுப்பை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்குன்னு பார்க்க, இரவு 8 மணிக்கு மாத்திரை போட்டவருக்குக் காலை 8 மணிக்கு, அடுத்த மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்கணும். ஊதா மூடிக் குழாயில் 3 மி.லி. போதும். மாத்திரையை முழுங்கிவிட்டுக் கொடுத்தால் அளவு பொய்யாக ஏறித் தெரியும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் உடம்பு புது உறுப்பை நிராகரிக்க வழி திறந்துவிடும். வோரிகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து சேர்ந்தால் நிஜமாகவே ஏறும். அப்போது அடிக்கடி எடுக்கணும்.

கையடக்க ஸ்பைரோமீட்டர் (ஊதி மூச்சுக்காற்றை அளக்கும் கருவி) யாரிடமாவது சும்மா கிடந்தால் இரவல் கொடுங்க. தினமும் ஒரே நேரத்தில் மூன்று தடவை ஊதி, பெரிய எண்ணைக் குறிக்கணும். முதல் நொடியில் வெளிவரும் காற்று வழக்கத்தைவிட 10% குறைந்து இரண்டு நாள் நீடித்தால் மருத்துவருக்கு உடனே சொல்லணும். எக்கோ (இதய ஸ்கேன்) நன்றாக இருக்கும்போதே நுரையீரலில் நிராகரிப்பு தொடங்கலாம்.

வாடகைக்கு வீடும் வேணும். கோழிப்பண்ணை, நார் மில், மஞ்சள் மண்டி பக்கம் வேண்டாம், தூசியோடு பூஞ்சை வித்தும் வரும். பார்க்க வருபவர்கள் தோட்டத்துப் பம்ப்ளிமாஸைப் பாசமாகக் கொண்டுவராதீங்க, அதுவும் டாக்ரோலிமஸை ஏற்றிவிடும்!

ஊரும், வரமுடிந்த கிழமையும் கீழே எழுதுங்க.