அய்யனார் கோயில் குடும்பக் குழு: அறிக்கையும் வரவு செலவும் ஒரே ஃபைலில்

பெரியப்பா (காலை 7:10): எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை மண்டலாபிஷேகம் நிறைவு. அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் குடமுழுக்குக் கணக்கைச் சபையில் வைத்துவிட வேண்டும். அறிக்கை வேர்டில் இருந்தது, வரவு செலவு எக்செலில் இருந்தது. டைப் செய்பவரிடம் கொடுத்து இரண்டையும் ஒரே ஃபைலாக்கி வாங்கிவிட்டேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பெரியப்பா: 📎 குடமுழுக்கு அறிக்கை முழுமை

மதுரை சித்தப்பா: அண்ணா, அறிக்கைப் பகுதி எனக்குப் படிக்கவே முடியவில்லை. ஆங்கில எழுத்தும் குறியுமாக வருகிறது. அட்டவணை மட்டும் தமிழில் தெரிகிறது.

கோவை அத்தை: எனக்கும் அப்படித்தான். போன் கோளாறு என்று நினைத்தேன்.

நான்: பெரியப்பா, எழுத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த ஃபைலை அழுத்திப் பிடித்து 'எல்லோருக்கும் நீக்கு' கொடுங்கள். உடனே. போனில் கூப்பிடுகிறேன், எடுங்கள்.

பெரியப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: நன்றி பெரியப்பா. மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஃபைலை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தால் போனிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் அழித்துவிடுங்கள். குழுவில் நீக்கினாலும், தனியாகச் சேமித்து வைத்த பிரதி தானாகப் போகாது. யாருக்காவது அனுப்பியிருந்தால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், கோபப்பட மாட்டேன்.

மதுரை சித்தப்பா: ஏம்மா, என்ன ஆயிற்று? கணக்கு எல்லோரும் பார்க்க வேண்டியதுதானே?

நான்: கணக்கை எல்லோரும் பார்க்கத்தான் வேண்டும் சித்தப்பா. ஆனால் போனது கணக்கு மட்டும் இல்லை. டைப் செய்தவர் வேர்டில் இன்சர்ட் மெனுவுக்குப் போய், ஆப்ஜெக்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, எக்செல் ஃபைலையே உள்ளே வைத்துவிட்டார். பக்கத்தில் பார்த்தால் வரவு செலவு அட்டவணை ஒன்றுதான் தெரியும். அதன்மேல் டபுள் கிளிக் செய்தால் முழு எக்செலும் திறந்துகொள்ளும். கீழே வரிசையாக நன்கொடையாளர் ஷீட், போன் நம்பர் ஷீட், தலைக்கட்டு வரி பாக்கி ஷீட் எல்லாம் இருக்கின்றன. பத்திரத்தின் நகல் கேட்டவருக்குப் பீரோவையே தூக்கிக் கொடுத்த மாதிரி.

மதுரை சித்தப்பா: ஐயோ. பாக்கி ஷீட்டுமா?

நான்: ஆமாம். அதில் பெரியப்பா தனக்காக எழுதி வைத்த குறிப்புகளும் இருக்கின்றன. யார் வீட்டில் என்ன கஷ்டம், யாரிடம் இந்த வருடம் கேட்க வேண்டாம், யாருக்குத் தவணை கொடுத்திருக்கிறோம் என்று. அவரை நம்பிச் சொன்ன விஷயங்கள் அவை. இதற்கு மேல் அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

சென்னை அண்ணி: சரியாகச் செய்தாய். நான் திறக்கவே இல்லை, அப்படியே அழித்துவிட்டேன்.

ஓசூர் தம்பி: அக்கா, அந்த ஷீட்டை ஹைட் செய்துவிட்டு உள்ளே வைத்திருந்தால் போதாதா?

நான்: போதாது தம்பி. ஹைட் செய்தால் கண்ணுக்குத்தான் தெரியாது, ஃபைலுக்குள் அப்படியே இருக்கும். ஷீட் பெயரில் ரைட் கிளிக் செய்து அன்ஹைட் கொடுத்தால் வந்துவிடும். சந்தேகம் இருந்தால் உன் கம்ப்யூட்டரிலேயே செய்து பார். இப்படி ஆப்ஜெக்ட் வைத்த ஒரு வேர்டு ஃபைலைக் காப்பி எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திற. உள்ளே வேர்டு என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் எம்பெடிங்ஸ் என்று ஒரு ஃபோல்டர். அதில் எக்செல் ஃபைல் முழுசாக உட்கார்ந்திருக்கும்.

ஓசூர் தம்பி: செய்து பார்த்தேன். அப்படியே இருக்கிறது! டாக்எக்ஸ் என்பது ஜிப் ஃபைல்தானா?

நான்: ஆமாம். எக்எல்எஸ்எக்ஸும் அப்படித்தான், வேர்டு, எக்செலுக்குப் பதிலாகச் சித்தப்பா வைத்திருக்கும் லிப்ரே ஆபீஸ் சேமிக்கும் ஓடிடி, ஓடிஎஸ் எல்லாமும் அப்படித்தான்.

பெரியப்பா: அம்மா, ஒன்றாக்கிக் கொடு என்று மட்டும்தான் அவரிடம் சொன்னேன். எத்தனை விதமாக ஒன்றாக்கலாம் என்பது எனக்கு எங்கே தெரியும்?

நான்: நீங்கள் சொன்னதில் தப்பே இல்லை பெரியப்பா. ஆடிட்டர் ஆபீஸில் எங்களுக்கு இதுதான் தினமும் வேலை, அதனால் கண்ணில் பட்டது. மூன்று வழி இருக்கிறது. ஒன்று, இப்போது நடந்ததுபோல ஃபைலையே உள்ளே வைப்பது. இரண்டாவது, லிங்க் கொடுப்பது. எக்செலில் தொகையை மாற்றினால் வேர்டிலும் மாறும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் லிங்கில் இருப்பது என் கம்ப்யூட்டரில் அந்த எக்செல் இருக்கும் இடத்தின் முகவரி. வாட்ஸ்அப்பில் வேர்டை மட்டும் அனுப்பினால் உங்கள் கம்ப்யூட்டர் அந்த இடத்தைத் தேடிவிட்டு, இல்லை என்று சொல்லும். ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு லிங்க் சரி. நமக்கு வேண்டாம்.

மூன்றாவதுதான் நமக்கு. எக்செலில் வேண்டிய கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து, வேர்டில் சாதாரண அட்டவணையாகப் பேஸ்ட் செய்வது. எழுத்தும் எண்ணும் மட்டும் போகும். பின்னால் ஷீட்டும் கிடையாது, ஃபார்முலாவும் கிடையாது.

மதுரை சித்தப்பா: எனக்கு லிப்ரே ஆபீஸ். அதில் எப்படி?

நான்: அதில் எக்செல் மாதிரி இருப்பது கால்க், வேர்டு மாதிரி இருப்பது ரைட்டர். கால்க்கில் காப்பி செய்துவிட்டு, ரைட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எந்த வடிவில் ஒட்ட வேண்டும் என்று பட்டியல் வரும். ஆர்டிஎஃப் அல்லது எச்டிஎம்எல் தேர்ந்தெடுத்தால் சாதாரண அட்டவணை. கால்க் ஸ்ப்ரெட்ஷீட் என்று இருப்பதைத் தொடாதீர்கள், அது ஃபைலை உள்ளே வைக்கிற வழி.

கோவை அத்தை: நான் நன்கொடைப் பட்டியலைக் கூகுள் ஷீட்ஸில்தான் போட்டிருக்கிறேன். அதைக் கூகுள் டாக்ஸில் ஒட்டும்போது ஏதோ கேட்டது. புரியாமல் விட்டுவிட்டேன்.

நான்: லிங்க் வைக்கட்டுமா, வேண்டாமா என்று கேட்கும் அத்தை. லிங்க் இல்லாமல் ஒட்டு என்பதைக் கொடுங்கள். அப்புறம், அந்த ஷீட்டை 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று திறந்து வைத்திருந்தால் அதையும் மூடிவிடுங்கள். போன் நம்பர் இருக்கிறது.

கோவை அத்தை: மூடிவிட்டேன். இப்போது எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்.

சென்னை அண்ணி: ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டினால் இந்த வம்பே இல்லையே?

நான்: ரகசியம் வெளியே போகாது அண்ணி, அது உண்மை. ஆனால் பிரிண்ட் எடுத்தால் எழுத்து மங்கும். பெரியவர்கள் கண்ணாடி போட்டும் படிக்க முடியாது. கணக்கு வைக்கிறோம் என்றால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் தன் பெயரையும் தொகையையும் தானே படித்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிரிண்ட் போட்டே பயனில்லை.

பெரியப்பா: அது மிகவும் சரி. நூறு ரூபாய் கொடுத்தவர் பெயரும் விடுபடக் கூடாது.

மதுரை சித்தப்பா: அந்த எழுத்து விவகாரம்?

நான்: டைப் செய்தவர் வானவில் எழுத்துருவில் அடித்திருக்கிறார். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரிலும் போனிலும் ஆங்கிலக் குறிகளாகத்தான் தெரியும். நம் எக்செல், எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடு முறையில் இருந்ததால் தமிழாகத் தெரிந்தது. இரண்டையும் ஒன்றாக்கும்முன் அறிக்கையை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். அப்படி மாற்றித் தருகிற என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற மென்பொருள் என்னிடம் இருக்கிறது, அதில் மாற்றிக்கொள்கிறேன். இடையில் வருகிற ஆங்கிலச் சொற்களும் அதில் மாட்டிச் சிதையும், அவற்றைக் கையால் திருத்த வேண்டும். பெயர்களை யாராவது எழுத்துக்கூட்டிப் பார்த்துக் கொடுத்தால் நல்லது.

சென்னை அண்ணி: என்னிடம் அனுப்பு. நான் பார்க்கிறேன்.

ஓசூர் தம்பி: அக்கா, வேர்டு ஒரு பிடிஎஃப், எக்செல் ஒரு பிடிஎஃப், ரசீது ஸ்கேன் ஒரு பிடிஎஃப். மூன்றையும் ஆன்லைனில் ஏற்றினால் நொடியில் ஒன்றாக்கித் தருகிற தளங்கள் இருக்கின்றனவே?

நான்: இருக்கின்றன. ஆனால் நன்கொடையாளர் பெயர், காசோலை நகல், ஸ்தபதியின் வங்கி விவரம் எல்லாம் அந்த ரசீதுகளில் இருக்கிறதே தம்பி. முன்பின் தெரியாத தளத்தில் ஏற்ற எனக்கு மனசு வராது. அதே வேலையை நம் கம்ப்யூட்டரிலேயே செய்ய பிடிஎஃப்சாம் பேசிக் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. நீ லினக்ஸ்தானே வைத்திருக்கிறாய்? அதில் பிடிஎஃப்யுனைட் என்ற கட்டளை இருக்கும், ஒரே வரியில் முடிந்துவிடும். ரசீதுகளை ஒன்று சேர்க்கிற பொறுப்பை நீயே எடுத்துக்கொள். வங்கிக் கணக்கு எண்களை ஸ்கேன் எடுக்கும்முன் காகிதம் ஒட்டி மறைத்துவிடு.

ஓசூர் தம்பி: சரி அக்கா. ஸ்கேன் செய்த பிறகு கறுப்புக் கட்டம் வரைந்தால் ஆகாதா?

நான்: வேண்டாம். சில மென்பொருளில் அந்தக் கட்டத்தை நகர்த்தினால் அடியில் இருப்பது தெரிந்துவிடும். காகிதம் ஒட்டினால் கவலையே இல்லை.

நான் (மாலை 6:40): அறிக்கை யூனிகோடுக்கு வந்துவிட்டது. யாகசாலை, பந்தல், வர்ணம், அன்னதானம், ஸ்தபதி கூலி எல்லாம் எக்செல் அட்டவணையில் ஏறிவிட்டன. ஒட்டுவதற்கு முன் எல்லோரிடமும் ஒரு கேள்வி. விடுபட்ட செலவு ஏதாவது இருக்கிறதா? இப்போதே சொல்லிவிடுங்கள். வேர்டில் ஒட்டியபின் ஒரு தொகையை மாற்றினால் கூட்டுத்தொகை தானாக மாறாது. ஒவ்வொரு திருத்தத்தையும் முதலில் எக்செலில் போட்டு, அட்டவணையைப் புதிதாக ஒட்ட வேண்டும். வேர்டில் கை வைத்து ஒரு எண்ணை மட்டும் மாற்றினால் சபையில் கூட்டிப் பார்ப்பவர் பிடித்துவிடுவார்.

மதுரை சித்தப்பா: சீரியல் லைட்டுக்கும் ஜெனரேட்டர் டீசலுக்கும் நான் கொடுத்தது இருக்கிறதா?

நான்: ஜெனரேட்டர் வாடகை இருக்கிறது, டீசல் இல்லை. பில்லைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். எக்செலில் ஏற்றிவிட்டு ஒட்டுகிறேன்.

மதுரை சித்தப்பா: 📷 புகைப்படம்

கோவை அத்தை: நன்கொடைப் பட்டியல் அகலமாக இருக்கிறதே. பெயர், ஊர், தலைக்கட்டு, பணம், பொருள், ரசீது எண். பக்கத்தில் அடங்குமா?

நான்: நிமிர்ந்த பக்கத்தில் அடங்காது அத்தை. அந்தப் பக்கங்களை மட்டும் படுக்கைவசமாகத் திருப்பப் போகிறேன். வேர்டில் அட்டவணைக்கு முன்னும் பின்னும் லேஅவுட், பிரேக்ஸ், நெக்ஸ்ட் பேஜ் கொடுத்துவிட்டு, நடுவில் கிளிக் செய்து லேண்ட்ஸ்கேப் தேர்ந்தெடுத்தால் அது மட்டும் திரும்பும். நெக்ஸ்ட் பேஜுக்குப் பதில் சாதாரணப் பக்க முறிவு கொடுத்தால் மொத்த அறிக்கையும் திரும்பிவிடும். பலர் திணறுவது அந்த இடத்தில்தான்.

பட்டியல் பல பக்கம் ஓடும். அதனால் தலைப்பு வரிசையைத் தேர்ந்தெடுத்து 'ரிபீட் ஹெடர் ரோஸ்' கொடுத்திருக்கிறேன். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் எது பணம், எது பொருள் என்று மேலே தெரியும்.

மதுரை சித்தப்பா: ரைட்டரில் அந்தப் படுக்கைவசம்?

நான்: இன்சர்ட், மோர் பிரேக்ஸ், மேனுவல் பிரேக். அதில் பக்க முறிவைத் தேர்ந்தெடுத்து, ஸ்டைல் என்ற இடத்தில் லேண்ட்ஸ்கேப் கொடுங்கள். அட்டவணை முடிந்ததும் அதேபோல டீஃபால்ட் பேஜ் ஸ்டைலுக்குத் திரும்ப வேண்டும். நீங்கள் திருத்திய பகுதிகளை எனக்கு டாக்எக்ஸாகவே சேமித்து அனுப்புங்கள்.

மதுரை சித்தப்பா: ஆபீஸில் இருக்கும் பழைய ஓப்பன் ஆபீஸில் அந்த வசதியைக் காணோம்.

நான்: அது டாக்எக்ஸைத் திறக்கும், அந்த வடிவில் சேமிக்காது சித்தப்பா. 2010இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்ததுதான் லிப்ரே ஆபீஸ், அது சேமிக்கும். வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்து அனுப்புங்கள், அவசரமில்லை.

ஓசூர் தம்பி: அக்கா, ஒரு சந்தேகம். காலையில் வந்த ஃபைலையே பிடிஎஃப் ஆக்கி அனுப்பியிருந்தால் பிரச்சினை வந்திருக்காதா?

நான்: வந்திருக்காது. பிடிஎஃபுக்குள் பக்கத்தில் தெரிகிறது மட்டும்தான் போகும், எக்செல் போகாது. ஆனாலும் அந்த வேர்டு ஃபைல் நம்மிடம் இருந்துகொண்டே இருக்கும். அடுத்த திருவிழாவுக்கு யாராவது மாதிரிக்கு என்று அதையே எடுத்து அனுப்புவார்கள். அதனால் மூலத்தையே சுத்தமாக வைத்துவிட்டு, வெளியே பிடிஎஃப் மட்டும் கொடுப்போம். வேர்டும் எக்செலும் பெரியப்பாவிடமும் என்னிடமும் இருக்கட்டும்.

பெரியப்பா: அம்மா, அந்தக் குறிப்புகளை எல்லாம் என் நோட்டில் எழுதிக்கொண்டு எக்செலிலிருந்து எடுத்துவிட்டேன். புது எக்செல் உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

நான்: பார்த்தேன் பெரியப்பா. நல்ல முடிவு.

சென்னை அண்ணி (இரவு 9:25): அறிக்கை முழுவதும் பார்த்துவிட்டேன். பெயர்களில் 'ஸ்ரீ' வருகிற இடங்கள் மாற்றும்போது கெட்டிருந்தன. சரிசெய்து அனுப்பியிருக்கிறேன். இரண்டு வீட்டுக்காரர்களின் ஊர் மாறிக் கிடந்தது, அத்தையிடம் கேட்டுத் திருத்திவிட்டேன்.

ஓசூர் தம்பி: ரசீதுகள் தேதி வாரியாக ஒரே பிடிஎஃப் ஆகிவிட்டன. உங்களுக்கு அனுப்பிவிட்டேன் அக்கா.

நான்: 📎 குடமுழுக்கு அறிக்கையும் வரவு செலவும்

நான்: இது பிடிஎஃப். முதலில் அறிக்கை, அடுத்து வரவு செலவு, பிறகு நன்கொடைப் பட்டியல், கடைசியில் ரசீதுகள். போன் நம்பர் எங்கும் இல்லை. டீசல் ஏறிவிட்டது. கூட்டுத்தொகையை எக்செலோடு ஒப்பிட்டுவிட்டேன், சித்தப்பா கால்குலேட்டரில் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

மதுரை சித்தப்பா: கூட்டினேன். சரியாக வருகிறது.

கோவை அத்தை: எழுத்து தெளிவாக இருக்கிறது, போனிலேயே படிக்க முடிகிறது.

பெரியப்பா: மிகவும் சந்தோஷம் அம்மா. தலைக்கட்டுக்கு ஒன்று வீதம் பிரிண்ட் போடச் சொல்கிறேன். ரசீதுப் பக்கங்களையும் எல்லாப் பிரதியிலும் வைக்க வேண்டுமா?

நான்: வேண்டாம் பெரியப்பா. ரசீதோடு ஒரு பிரதி மட்டும் எடுத்துச் சபையில் வையுங்கள், கேட்பவர்கள் புரட்டிப் பார்க்கட்டும். மற்றவற்றில் நன்கொடைப் பட்டியலோடு நிறுத்திவிடலாம். கடைக்குப் பென் டிரைவில் பிடிஎஃபை மட்டும் கொண்டு போங்கள்.

பெரியப்பா: சரி, காலையில் போகிறேன்.