பிஎஸ்2-க்கு காம்பொனென்ட் கேபிள் போட்டதும் படம் கறுப்பு வெள்ளையாகிவிட்டது

பரண்வாசி:
பரணிலிருந்து இறக்கிய பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) விளையாட்டுக் கருவியை எல்இடி டிவியில் இணைத்தேன். பழைய மஞ்சள்-வெள்ளை-சிவப்பு கேபிளில் சிவப்பு எழுத்துகள் ஈரக் காகிதத்தில் பட்ட மைபோல் கசிந்தன. ஓரங்களில் புள்ளிகள் எறும்புச் சாரையாக ஊர்ந்தன. சரி என்று ஐந்து முனை காம்பொனென்ட் கேபிள் வாங்கிச் சொருகினேன். எறும்புகள் போய்விட்டன, கூடவே நிறமும் போய்விட்டது! ஒலி நன்றாகவே வருகிறது. கடைக்காரர் கேபிளில் குறையே இல்லை என்று சாதிக்கிறார். திருப்பிக் கொடுத்துவிடலாமா?

இரவுப்பூனை:
சிவப்பு முனைகள் இரண்டு இருக்கும். ஒன்று படத்துக்கு, மற்றது ஒலிக்கு. இடம் மாறியிருக்கும். நானும் அப்படி ஒரு மாலையைத் தொலைத்திருக்கிறேன்.

பரண்வாசி:
மாற்றிப் பார்த்தேன். வலது ஸ்பீக்கர் உறுமியது, படம் அப்படியே இருந்தது. பழையபடி வைத்துவிட்டேன்.

கம்பிச்சித்தன்:
கடைக்காரர் சொன்னது சரி. மஞ்சள் கம்பியில் ஒளியும் நிறமும் ஒன்றாகக் கலந்து வரும். டிவி அவற்றைப் பிரிக்கத் தடுமாறுவதால்தான் அந்தக் கசிவும் எறும்பும். காம்பொனென்டில் பச்சைக் கம்பி வெளிச்சத்தை மட்டும் சுமக்கிறது. நிறத் தகவல் நீலத்திலும் சிவப்பிலும் தனியாக வருகிறது. உங்கள் டிவி பச்சையை மட்டும் படிக்கிறது, அதனால்தான் கறுப்பு வெள்ளை. பச்சைத் துளையைச் சுற்றி மஞ்சள் வளையம் உண்டா?

பரண்வாசி:
பாதி பச்சை, பாதி மஞ்சள். அழகுக்கென்று நினைத்தேன்.

கம்பிச்சித்தன்:
இரண்டு கேபிளுக்கும் அந்த ஒரே துளைதான். எது சொருகியிருக்கிறது என்று நாம்தான் சொல்ல வேண்டும். ரிமோட்டில் உள்ளீட்டுப் பட்டியலைத் திறந்து, ஏவி-யை (மஞ்சள் கேபிளுக்கான உள்ளீடு) விட்டு காம்பொனென்டைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகும் நிறம் தாறுமாறாக இருந்தால், வட்டு போடாமல் பிஎஸ்2-ஐ இயக்கி, சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் காம்பொனென்ட் வீடியோ அவுட் ஆர்ஜிபி-யில் (சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக அனுப்பும் முறை) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மற்றதற்கு மாற்றுங்கள்.

பரண்வாசி:
வந்துவிட்டது! பந்தயப் பாதையோரப் புல் பச்சையாக இருக்கிறது. கடைக்காரரிடம் நாளை அசடு வழிய வேண்டும். ஆனால் படிக்கட்டுபோல் ஓரங்கள் இன்னும் தெரிகின்றனவே?

கம்பிச்சித்தன்:
அது கேபிளால் தீராது. பெரும்பாலான ஆட்டங்களில் பிஎஸ்2 அனுப்புவதே 480 வரிகளுக்குள்தான். டிவி அதை இழுத்துப் பெரிதாக்குகிறது. சில ஆட்டங்கள் தொடங்கும்போது முக்கோணத்தையும் எக்ஸையும் அழுத்திப் பிடித்தால் 480பி (480 வரிகளையும் ஒரேயடியாக அனுப்பும் முறை) வேண்டுமா என்று கேட்கும், முயன்று பாருங்கள். கிரான் டூரிஸ்மோ 4-இன் அமெரிக்கப் பதிப்பில் 1080ஐ (1080 வரிகளை ஒன்றுவிட்டொன்றாக அனுப்பும் முறை) கூட உண்டு.

இரவுப்பூனை:
மஞ்சள் கேபிளை எச்டிஎம்ஐ ஆக்கும் சிறு பெட்டி வாங்கியிருந்தால் இவ்வளவு பாடே இல்லையே?

கம்பிச்சித்தன்:
கலந்துபோன படத்தைத்தானே அதுவும் வாங்கிக்கொள்கிறது? எறும்புகள் எச்டிஎம்ஐ வழியாக வந்து சேரும். பரண்வாசி, மஞ்சள் கேபிளை எறிந்துவிடாதீர்கள். என்றாவது அமைப்பு மாறிக் காம்பொனென்டில் படமே வராமல் போனால், பட்டியலைப் பார்த்துச் சரிசெய்ய அதுதான் கைகொடுக்கும்.