ராக்கிங்குக்கு மனதளவில் தயாராகிவிட்டுத்தான் கம்பஸ் போகிறார்களா?

வன்னி_அக்கா:
தம்பிக்கு இஞ்சினியரிங் கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் போகிறான். எனக்குப் பயம் சீனியர்மாரைவிட இவனுடைய கதையில்தான். கம்பஸ் வாசலையே இன்னும் மிதிக்கவில்லை, அதற்குள் ராக், அதாவது சீனியர்மாரின் பகிடிவதை, வாங்கினால்தான் பட்ச் ஃபிட் (பட்ச் ஒற்றுமை) வரும், வாங்காதவனுக்குச் சீனியர்மார் பாடம் சொல்லித் தரும் குப்பி வகுப்பும் கிடைக்காது, நோட்ஸும் வராது என்று எனக்கே பாடம் எடுக்கிறான். குடிக்கிறது கூடாது என்று அவனே சொல்வான். சரி, அண்ணாமார் பார்ட்டியில் ஊற்றித் தந்தால் என்ன செய்வாய் என்றால் "அது வேற அக்கா" என்கிறான். புதிதாகப் போகிற எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தானா? என்ன சொல்லி அனுப்புவது?

மழைக்கோட்டு:
அக்கா, கொஞ்சம் கூட்டிச் சொல்கிறீர்கள். எங்களுக்கும் காட் நேம் என்று பட்டப்பெயர் வைத்தார்கள், பாட்டுப் பாட வைத்தார்கள், பிறகு அதே சீனியர்தான் பரீட்சைக்கு முதல் நாள் விடிய விடிய இருந்து கணக்குச் சொல்லித் தந்தார். சிங்களம் தெரியாமல் போகிற பொடியனுக்கு அது சின்ன விஷயமில்லை. அடி உதை கூடாது, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

வார்டு_பூனை:
அடி உதை இல்லாமலே ஆள் சாகலாம். 1997இல் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் வரப்பிரகாஷ் என்ற மாணவன் இறந்தது, சீனியர்மார் கடுமையாக உடற்பயிற்சி செய்ய வைத்து, சிறுநீரகம் செயலிழந்து. பழக்கமில்லாத உடம்பைக் கணக்கு வழக்கில்லாமல் தோப்புக்கரணமும் டிப்ஸும் போட வைத்தால் தசை சிதைந்து, அதிலிருக்கும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பழுதாக்கிவிடும். தம்பிக்கு இதை மட்டுமாவது சொல்லுங்கள்: சிறுநீர் பிளேன்ரீ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் போனால் பனடோல் போட்டுப் படுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கே போய் விளையாடும்போது வந்தது என்று சீனியரைக் காப்பாற்றக் கூடாது.

பழைய_பட்ச்:
அந்தச் சாவுக்கு அடுத்த வருடம்தான் பகிடிவதையைத் தடுக்கும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு 2 வருடம் வரை, பாலியல் தொல்லையோ கடும் காயமோ என்றால் 10 வருடம் வரை சிறை. ஆனால் பிள்ளைகள் பேசாமல் இருப்பது சட்டம் தெரியாததால் இல்லை. தன்னைத் தவிர மற்ற எல்லோரும் இதை விரும்பித்தான் செய்கிறார்கள் என்று ஒவ்வொருவனும் நினைக்கிறான். 1986இல் பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இருவர் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் குடியைப் பற்றிக் கேட்டபோது கிடைத்ததும் இதுதான். மாணவர்களின் சொந்த அபிப்பிராயம் மட்டாகத்தான் இருந்தது, கூட இருப்பவர்கள்தான் தாராளம் என்று நினைத்திருந்தார்கள். உங்கள் தம்பியின் 'வேற' அங்கேயிருந்துதான் வருகிறது. மழைக்கோட்டு சொன்ன பாசமும் உண்மைதான், ஆனால் கணக்குச் சொல்லித் தருவதற்கு முதலில் ஆளைக் குனிய வைக்க வேண்டுமா?

அன்டி_2:
நான் ராக் வாங்கவில்லை. முதல் வருடம் கன்டீனில் என் மேசைக்கு ஒருவரும் வரவில்லை, கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். பாஸ்ட் பேப்பர் லைப்ரரியிலேயே இருந்தது, லெக்சரரிடம் போய்க் கேட்டால் சொல்லித் தந்தார்கள். பட்ச் வட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் வீரம் கதைப்பார்கள், அதை நம்பாமல் இரண்டு மூன்று பேரிடம் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்று ஒருவன் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள், நாலு பேர் சேர்ந்து சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

வன்னி_அக்கா:
பிளேன்ரீ கதையைச் சொன்னேன், சிரித்தான், பிறகு தானே கூகிளில் தேடிக்கொண்டிருந்தான். ஹொஸ்டலை விட்டு வெளியே அறை எடுத்தால் தப்பலாமா?

அன்டி_2:
வெளியே எடுக்கும் போடிங் அறைக்கும் வருவார்கள் அக்கா. சீனியர் இல்லாத வீடாகப் பாருங்கள், வீட்டுக்காரரோடு நீங்களே நேரில் போய்க் கதையுங்கள்.