விபத்து பாலிசி, மெடிக்ளெய்ம் (ஆஸ்பத்திரிச் செலவுக் காப்பீடு): மும்பையில் கிளெய்ம் எங்கே சிக்குது? ஐந்து பகுதிகளின் தமிழர்கள் மாறி மாறிச் சொல்கிறார்கள்.

தாராவி, 90 அடி ரோடு:
பேங்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கிற சுரக்ஷா பீமா என்ற அரசு விபத்துக் காப்பீட்டை நம்பியே பல வீடுகள் இருக்கு. அது ஆஸ்பத்திரி பில்லுக்கு ஒரு பைசா தராது. விபத்தில் இறந்தாலோ, இரண்டு கண்ணும் போனாலோ 2 லட்சம். ஒரு கண், ஒரு கை, ஒரு கால் என்றால் 1 லட்சம். கால் முறிந்து மூன்று மாதம் படுத்தால் ஒன்றும் கிடையாது. தோல் பட்டறை, தையல் வேலைக்காரர்களைக் கவிழ்ப்பது அந்த மூன்று மாதம்தான். தனி விபத்து பாலிசி எடுக்கும்போது 'தற்காலிக முழு இயலாமை' (குணமாகும் வரை வேலைக்கே போக முடியாத நிலை) சேர்ந்திருக்கா என்று பாருங்க. பல பாலிசிகளில் வாரத்துக்குக் காப்புத் தொகையில் 1 சதவீதம். உச்சவரம்பும் உண்டு, வருமான அத்தாட்சியும் கேட்பார்கள். பிரீமியம் குறையட்டும் என்று மெஷின் ஓட்டுகிறவரை 'குமாஸ்தா' என்று ஏஜென்ட் எழுதினால் கையெழுத்துப் போடாதீங்க.

சயான்:
தாராவி அண்ணே சொன்னது சரி. பாலிசி இருந்தும் பணம் நிற்பது கேஸ் பேப்பரில், அதாவது ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதும் குறிப்பில். கேஷுவால்டியில் (அவசரப் பிரிவில்) டாக்டர் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் முந்திக்கொண்டு "சுகர் பத்து வருஷமா இருக்குமே" என்பார். அது அப்படியே எழுதப்படும். பாலிசி இரண்டு வருஷம் முன்னால் எடுத்தது என்றால், நோயை மறைத்ததாகக் கடிதம் வரும். விவரம் தெரிந்தவர் மட்டும் பதில் சொல்லணும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லணும். வார்டுக்குப் போகும் முன் அந்தத் தாளைப் படியுங்க. தப்பு இருந்தால் அட்மிட் ஆகியிருக்கும்போதே டாக்டரிடம் திருத்தி, கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்க. டிஸ்சார்ஜுக்குப் பிறகு கொண்டுபோகும் திருத்தக் கடிதத்தைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.
நிஜமாகவே சுகர் இருந்தால் படிவத்தில் எழுதிடுங்க. அந்த நோய்க்குக் கிளெய்ம் கேட்கக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். தொடர்ந்து 60 மாதம் கட்டிவிட்டால், மோசடியை நிரூபிக்காமல் மறைத்தாய் என்று சொல்லித் தள்ள முடியாது.

செம்பூர்:
ரூம் வாடகையை யாரும் பார்ப்பதில்லை. 5 லட்சம் பாலிசி, ரூம் வாடகைக்கு அதில் 1 சதவீத வரம்பு என்றால் நாளுக்கு 5,000. நீங்க 8,000 ரூபாய் ரூம் எடுத்தால் 3,000 மட்டும் கைக்காசு என்று நினைக்காதீங்க. டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் செலவு எல்லாவற்றிலும் கம்பெனி தருவது எட்டில் ஐந்து பங்குதான். அந்தச் செலவு 1,60,000 வந்திருந்தால் 60,000 உங்க தலையில். மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்டுகளில் இந்த வெட்டு கிடையாது. கவுன்டரில் வெட்டினால் கேளுங்க.

ஆண்டாப் ஹில்:
லோக்கல் ரயில் விஷயத்தை விட்டுட்டீங்களே. ஓடும் வண்டியிலிருந்து விழுந்து இறந்தால், பாலிசியே இல்லாட்டியும் ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் 8 லட்சம் கேட்கலாம். ஒரு வருஷத்துக்குள் மனு போடணும். டிக்கெட்டோ சீசன் பாஸோ இருந்ததுதான் உயிர்நாடி. ரயில்வே போலீஸ் சாட்சிகளை வைத்து எழுதும் பஞ்சநாமாவில் பாஸ் நம்பர் ஏறணும். மராத்தியில் எழுதுவார்கள், வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்க. தண்டவாளம் தாண்டும்போது அடிபட்டால் அது வேறு கணக்கு, இந்த வழி கிடையாது.

மாட்டுங்கா:
நம்ம ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல்: இனிஷியல். பாலிசியில் 'மு. செல்வம்', ஆதாரில் அப்பா பெயர் பின்னால், மாநகராட்சி மரணச் சான்றிதழில் அதுவே குடும்பப் பெயராக முன்னால். நாமினி பணம் கேட்கும்போது மூன்று ஆள் போலத் தெரியும். ஆதார், பேங்க், பாலிசி மூன்றையும் இப்போதே ஒரே எழுத்துக்குக் கொண்டு வாங்க. பாலிசியில் திருத்த ஒரு விண்ணப்பமும் ஆதார் நகலும் போதும்; இறந்தபின் அஃபிடவிட், நோட்டரி என்று அலையணும்.
கிளெய்மைத் தள்ளினால் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்க. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் புகாரை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போங்க. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ஆனால் ஒரு வருஷம் தாண்டினால் எடுக்க மாட்டார்கள்.

தாராவி, 90 அடி ரோடு:
ஒன்று விட்டுப்போச்சு. அந்த 20 ரூபாய் மே கடைசியில் பிடிப்பார்கள். ஊருக்குப் போகும் அவசரத்தில் கணக்கைத் துடைத்து எடுத்துட்டுப் போனால் ஜூன் 1லிருந்து காப்பு இல்லை. இரண்டு பேங்கில் பிடித்தாலும் கிடைப்பது ஒரே 2 லட்சம்தான்.