யூசர் மெமரியிலிருந்து ஸ்ட்ரிங் எடுக்க லினக்ஸ் டிரைவரில் எது சரியான வழி?

வேர்நிரல்:
வணக்கம். எக்ஸ்86-64, லினக்ஸ் 6 வரிசை கர்னல், ஒரு கேரக்டர் டிவைஸ் டிரைவர். ஐஆக்டல் (யூசர் ப்ரோக்ராம் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் சிஸ்டம் கால்) வழியாக ஒரு சேனலின் பெயர் வருகிறது. யூசர் தருவது பாயிண்டர் மட்டுமே, நீளம் கிடையாது. ஸ்ட்ரிங் முடிவைக் காட்டும் கடைசி நல் பைட்டையும் (மதிப்பு சுழியம்) சேர்த்து 64 பைட்டுக்குள் இருக்க வேண்டும்.

முதலில் ஸ்ட்ரன்லென்_யூசர் வைத்து நீளம் பார்த்துவிட்டு, அந்த அளவுக்கு காப்பி_ஃப்ரம்_யூசர் செய்வது ஒரு வழி. நேரடியாக ஸ்ட்ரன்காப்பி_ஃப்ரம்_யூசர்(பெயர், முகவரி, 64) என்று எழுதி, விடை சுழியத்துக்குக் கீழே போனால் மட்டும் பிழை என்று திருப்புவது இன்னொன்று. இரண்டில் எது பாதுகாப்பு? கூடவே ஒரு சந்தேகம்: பழைய மெஷின்களில், கர்னலுக்குள் ஸ்ட்ரிங் காப்பி செய்யும் சாதாரண ஸ்ட்ரஸ்காப்பியே யூசர் பாயிண்டரில் ஓடிவிடுகிறதே, அதை ஏன் கூடாது என்கிறார்கள்?

பக்கப்பிழை:
இப்போது இருக்கிற வடிவத்தில் இரண்டுமே ஓட்டைதான்.

முதல் வழியில் யூசர் மெமரியை இரண்டு தடவை படிக்கிறீர்கள். அதே ப்ராசஸின் இன்னொரு த்ரெட் இடையில் அந்த பைட்டுகளை மாற்றினால், நீங்கள் அளந்த ஸ்ட்ரிங் ஒன்று, காப்பியானது வேறொன்று. நல் பைட் இருந்த இடத்தில் வேறு எழுத்து வந்துவிட்டால் கர்னல் பஃபரில் முடிவே இருக்காது. பின்னால் வரும் ஸ்ட்ரலென் (நீளம் அளப்பது) அல்லது பிரிண்ட்கே (லாக் எழுதுவது) பஃபரைத் தாண்டிப் படித்துக்கொண்டே போகும். ஸ்ட்ரன்லென்_யூசர் திருப்பும் எண்ணில் நல் பைட்டும் சேர்த்தி. பிழை என்றால் அது மைனஸ் எண் தராது, சுழியம் தரும். ஸ்ட்ரலென் நினைப்பில் எழுதினால் கணக்கு ஒன்று தப்பும்.

இரண்டாவது வழி சரியான ஃபங்ஷன், ஆனால் சோதனை போதாது. அது திருப்புவதில் மூன்று நிலைகள் உண்டு. மைனஸ் ஈஃபால்ட் வந்தால் முகவரி செல்லாது. அதற்குள் பாதி பைட்டுகள் பஃபரில் விழுந்திருக்கலாம், அவற்றைத் தொடக்கூடாது. 0 முதல் 63 வரை வந்தால் நல் பைட் நீங்கலான நீளம், எல்லாம் ஒழுங்கு. சரியாக 64 வந்தால் இடம் நிரம்பிவிட்டது, நல் பைட் எழுதப்படவில்லை. கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். ஆகவே 64 வந்தால் மைனஸ் ஈநேம்டூலாங் (பெயர் மிக நீளம் என்ற பிழை எண்) திருப்புங்கள். பெயர் காலியாக இருக்கலாமா என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிடுங்கள்.

63 கொடுத்துவிட்டு கடைசி பைட்டை நாமே சுழியமாக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். பஃபர் வழியாது, உண்மை. ஆனால் நீளமான இரண்டு வெவ்வேறு பெயர்கள் வெட்டுப்பட்டு ஒரே பெயராகிவிடும். பெயரை வைத்து அனுமதி பார்க்கிற டிரைவரில் அது பெரிய ஆபத்து. வெட்டாதீர்கள், மறுத்துவிடுங்கள்.

விடையை லாங் மாறியில் வாங்குங்கள். மைனஸ் எண் வைக்க முடியாத சைஸ்_டி போட்டால் ஈஃபால்டின் மைனஸ் 14 பிரம்மாண்டமான எண்ணாக மாறி, "சுழியத்துக்குக் கீழே" என்ற சோதனை ஒருபோதும் பிடிக்காது.

ஸ்ட்ரஸ்காப்பி விஷயம்: அது முகவரி யாருடையது என்று பார்ப்பதே இல்லை. யூசர் ஒரு கர்னல் முகவரியைக் கொடுத்தால் கர்னலின் ரகசியத்தையே படித்து பஃபரில் வைக்கும். ஸ்ட்ரன்காப்பி_ஃப்ரம்_யூசர் முகவரியின் எல்லையைச் சரிபார்க்கிறது. படிக்கும்போது ஃபால்ட் வந்து அந்தப் பக்கத்தைக் கொண்டுவர முடியாவிட்டால், எக்ஸப்ஷன் டேபிள் (ஃபால்ட் வந்தால் எங்கே தாவ வேண்டும் என்ற கர்னல் பட்டியல்) வழியாக ஈஃபால்ட் ஆக்கித் தருகிறது. ஸ்ட்ரஸ்காப்பிக்கு அந்த ஏற்பாடு இல்லாததால் நேராக ஊப்ஸ், அதாவது கர்னலே பிழையில் விழும். இன்டெல்லில் பிராட்வெல் முதல் வந்த ஸ்மாப், ஏஆர்எம்வி8.1-இல் வந்த பான் என்ற ப்ராசஸர் பாதுகாப்புகள் இரண்டும், கர்னல் யூசர் மெமரியை இப்படி நேரடியாகத் தொடுவதையே தடுக்கின்றன. பழைய மெஷினில் ஓடுவது அந்தத் தடை அங்கே இல்லாததால் மட்டுமே.

மதகு_64:
மேலே சொன்னதோடு ஒன்று. பெயரின் உச்சவரம்பு பெரிதாக இருந்தால் ஸ்டாக்கில் பஃபர் வைக்காதீர்கள். எக்ஸ்86-64-இல் கர்னல் ஸ்டாக் மொத்தமே 16 கேபி. ஃபைல் பாதையின் வரம்பான பாத்_மேக்ஸ் அளவுக்கு 4096 பைட் வைத்தாலே அதில் கால் பங்கு போய்விடும். அதற்கு ஸ்ட்ரன்டப்_யூசர் இருக்கிறது: இடம் ஒதுக்கி, காப்பி செய்து, கடைசி பைட்டை வலுக்கட்டாயமாக நல் ஆக்கித் தரும். அதன் வரம்பில் நல் பைட்டும் சேர்த்தி. மீறினால் மைனஸ் ஈஇன்வால் (செல்லாத மதிப்பு என்ற பிழை). விடையாக வந்த பாயிண்டர் பிழையா என்று ஐஎஸ்_எர் வைத்துச் சோதியுங்கள், வேலை முடிந்ததும் கேஃப்ரீ வைத்து மெமரியை விடுவியுங்கள். அதுவும் உள்ளே இரண்டு தடவைதான் படிக்கிறது, ஆனால் முடிவைத் தானே எழுதுவதால் பஃபர் தப்பிக்கிறது.

ஸ்ட்ரக்டுக்குள் பாயிண்டர் வருகிறதென்றால் ஸ்ட்ரக்டை ஒரே ஒரு தடவை காப்பி செய்து, பிறகு கர்னல் பிரதியில் உள்ள பாயிண்டரை மட்டும் பயன்படுத்துங்கள். அந்த ஃபீல்டை 64 பிட் எண்ணாக அறிவித்து யு64_டு_யூசர்_பிடிஆர் வழியாக மாற்றினால் 32 பிட் ப்ராசஸுக்கும் அதே ஸ்ட்ரக்ட் பொருந்தும். காப்பி_ஃப்ரம்_யூசர் திருப்புவது பிழை எண் அல்ல, காப்பியாகாமல் மிஞ்சிய பைட்டுகள். அதை அப்படியே ரிட்டர்ன் செய்யாதீர்கள்.

வேர்நிரல்:
மிக்க நன்றி. சேனல் பட்டியலை ஒரு ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) காக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு பெயரைப் படிக்கலாமா? இல்லை, நோஃபால்ட் என்று முடியும் ஃபங்ஷனைப் பயன்படுத்த வேண்டுமா?

பக்கப்பிழை:
லாக்கைப் பிடிப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள். யூசர் பக்கம் ஸ்வாப்பில் இருந்தால் அதை மெமரிக்குக் கொண்டுவரும் பேஜ் ஃபால்ட் தூங்க வேண்டிவரும், ஸ்பின்லாக்குக்குள் தூங்கக்கூடாது. பெயர் கர்னல் பஃபரில் வந்து, சோதனைகளும் முடிந்த பிறகு லாக் எடுத்துப் பட்டியலில் தேடுங்கள்.

ஸ்ட்ரன்காப்பி_ஃப்ரம்_யூசர்_நோஃபால்ட், கேப்ரோப் (ஓடும் கர்னலில் செருகும் பிழைதேடும் புள்ளி) போன்று தூங்கவே முடியாத இடங்களுக்கானது. பக்கம் மெமரியில் இல்லையென்றால் முகவரி சரியாக இருந்தாலும் ஈஃபால்ட்தான். அதன் கணக்கும் வேறு: திருப்பும் நீளத்தில் நல் பைட் சேர்த்தி, இடம் போதாவிட்டால் வெட்டி, நல் போட்டு, கொடுத்த அளவையே திருப்பும். 63 எழுத்துப் பெயர் முழுசாக வந்தாலும் 64, வெட்டுப்பட்டாலும் 64. இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. வரம்பைவிட ஒரு பைட் பெரிய பஃபர் கொடுத்து, 65 வந்தால் மறுக்க வேண்டும்.

மதகு_64:
சோதிக்கும்போது எம்மேப்பில் அடுத்தடுத்து இரண்டு பக்கங்கள் எடுத்து, இரண்டாவதை எம்ப்ரொடெக்ட் வைத்து ப்ராட்_நன் (யாரும் தொட முடியாதது) ஆக்குங்கள். நல் பைட் முதல் பக்கத்தின் கடைசி பைட்டில் விழுமாறு பெயரை வைத்தால் வெற்றி வர வேண்டும். அந்த நல் பைட்டை ஓர் எழுத்தாக மாற்றினால், பெயர் வரம்புக்குள் இருக்கும்வரை ஈஃபால்ட் வர வேண்டும். பிறகு 62, 63, 64 எழுத்துப் பெயர்கள், காலிப் பெயர், நல் பாயிண்டர், ஒரு கர்னல் முகவரி. கர்னலைக் கேஏசானோடு (மெமரி பிழைகளைப் பிடிக்கும் கர்னல் கருவி) கட்டிக்கொள்ளுங்கள். டிரைவரை மேக் சி=2 கொடுத்து ஸ்பார்ஸ் என்ற நிரல் சோதனைக் கருவி வழியாக ஓட்டினால், யூசர் முகவரி என்று காட்டும் __யூசர் குறி விட்டுப்போன பாயிண்டர்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கும்.