புதுப்பிப்பு: ஊர் ஊராக ஊழியம், மகளின் பத்தாம் வகுப்பு

கன்வென்ஷன் (நற்செய்திக் கூட்டம்), உபவாசக் கூட்டம் என்று ஊழியத்துக்காகக் குடும்பமாக ஊர் ஊராகப் போகிறோம், மகள் பத்தாவதை எப்படி முடிப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஹாஸ்டலில் விட மனமில்லை. பதில் எழுதிய நாசரேத் அக்கா சொன்ன என்ஐஓஎஸ், அதாவது தினமும் பள்ளிக்குப் போகாமலே படிக்கக்கூடிய மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளிதான் கைகொடுத்தது, பாஸாகிவிட்டாள். 14 வயது நிறைந்தால் சேரலாம், தமிழிலேயே எழுதலாம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு, பதிவு 5 வருடம் செல்லும் என்பதால் லெந்து நாட்களின் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) அலைச்சலை நினைத்துக் கணக்கை மட்டும் அக்டோபருக்குத் தள்ளினோம்.

எதிர்பாராதது ஒன்று. திசையன்விளைப் பக்கம் ஒரு சபையில் அசனத்துக்கு (சபையார் கூடி உண்ணும் விருந்து) கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, பெண்கள் ஐக்கியத்தில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா அவளுக்கு இயற்கணிதம் சொல்லிக்கொடுத்தார், அப்புறம் போனிலும் தொடர்ந்தார். கர்த்தர் அவரை ஆசீர்வதிப்பாராக.

அறிவியல் எடுத்தால் செய்முறைத் தேர்வு உண்டு, அந்த நாட்களில் கூட்டம் ஒப்புக்கொள்ளாதீர்கள்.