மறு: பம்பர் பீம் – ‘மோதுதாங்கி’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் அகராதிக்காக, கார் பம்பருக்குள் குறுக்கே இருக்கும் பம்பர் பீமுக்குத் தமிழ்ச் சொல்லாக ‘மோதுதாங்கி’ என்று ஒருவரும் ‘இடிதாங்கிச் சட்டம்’ என்று இன்னொருவரும் எழுதியிருந்தீர்கள். இரண்டாவதை உடனே தள்ளிவிடலாம். இடிதாங்கி கோபுர உச்சியில் ஏறிக்கொண்டு பல காலம் ஆகிவிட்டது. அதைக் காருக்கு இறக்கினால், மழைக்காலத்தில் வண்டியை எங்கே நிறுத்துவது என்று வாசகர் கேட்பார். முதலாவதுதான் எனக்குக் கவலை. காதுக்கு நன்றாக இருக்கிறது. பொருளைத் தலைகீழாகச் சொல்கிறது.

சென்ற மாதம் என் காரின் இடது முகப்பு, நின்றுகொண்டிருந்த ஒரு லாரியின் பின்புறத்தில் போய் இடித்தது. தவறு என்னுடையது, வேகம் அதிகமில்லை. டிங்கர் பட்டறையில் பிளாஸ்டிக் பம்பரைக் கழற்றி வைத்ததும் அரைமணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். நாம் பம்பர் என்று கழுவித் துடைப்பது வெறும் உறை. அதன் பின்னால் ஒரு நுரைக் கட்டை. அதற்கும் பின்னால், வண்டியின் அகலத்துக்குக் குறுக்கே, லேசாக வில்போல் வளைந்த எஃகுச் சட்டம். அதுதான் பீம், பட்டறையில் ‘உள் பார்’ என்றார்கள். அதன் இரு முனைகளிலும் சிறிய உலோகக் கூடுகள். அந்தக் கூடுகள், வண்டியின் முன்னிருந்து பின்னாக ஓடும் இரண்டு நீளச் சட்டங்களின் மூக்கில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தன.

இடதுபக்கக் கூடு சேலைக் கொசுவம்போல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தது. ஒரு சாண் இருந்தது நான்கு விரற்கடை ஆகியிருந்தது. பீம் சற்றே கோணியிருந்தது, முறியவில்லை. பின்னாலிருந்த நீளச் சட்டத்தில் கீறல்கூட இல்லை. மேஸ்திரி போல்ட்டுகளைக் கழற்றிப் புதுக் கூட்டை மாட்டிவிட்டார். வெட்டவும் இல்லை, பற்றவைக்கவும் இல்லை.

இதில் தாங்கியது எது? கூடு தாங்கவில்லை. தாங்காமல் மடிந்தது, அதனால்தான் பின்னால் இருந்தவை பிழைத்தன. பீமோ வாங்கிய அடியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் கூடுகளுக்கும் நீளச் சட்டங்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தது. பீம் கடினமாக இருக்க வேண்டும் (சில வண்டிகளில் 1,500 மெகாபாஸ்கல் வலிமையுள்ள போரான் எஃகு), கூடு அதைவிட மென்மையாக இருக்க வேண்டும். கூடு சரியான இடத்தில் மடியத் தொடங்குவதற்காகவே அதில் முன்கூட்டியே சிறு பள்ளங்கள் அழுத்தப்பட்டிருக்கும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1,000 கிலோ வண்டி மணிக்கு 15 கிலோமீட்டரில் போனால் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 8.7 கிலோஜூல். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் இந்தியத் திட்டமான பாரத் என்கேப்பின் முன்மோதல் சோதனையில் வேகம் 64 கிலோமீட்டர், ஆற்றல் 158 கிலோஜூல். வேகம் நான்கு மடங்குக்குச் சற்று மேல், ஆற்றல் பதினெட்டு மடங்கு. கூடும் பீமும் மட்டும் இவ்வளவையும் விழுங்க முடியாது. நீளச் சட்டங்களும் மடங்க வேண்டும், அவையும் ஒழுங்காக மடங்க வேண்டும். முகப்பு 70 சென்டிமீட்டர் நசுங்கி வண்டி நின்றால் சராசரி வேகத்தணிப்பு புவியீர்ப்பைப்போல் 23 மடங்கு. பத்தே சென்டிமீட்டரில் நின்றால் 160 மடங்கு. முதலாவதில் இருக்கைப் பட்டையும் காற்றுப்பையும் சேர்ந்து ஆளைக் காப்பாற்ற வழி உண்டு. இரண்டாவதில் அவற்றால் செய்யக்கூடியது அதிகமில்லை.

அந்தச் சோதனையில் முகப்பின் அகலத்தில் 40 சதவீதம் மட்டுமே தடுப்பில் படும். பீம் இல்லாவிட்டால் அந்தப் பக்கத்து நீளச் சட்டம் தனியே மாட்டிக்கொள்ளும். மறுபக்கத்துச் சட்டம் வேடிக்கை பார்க்கும். பீம்தான் அதையும் வேலைக்கு இழுக்கிறது. நடுமுகப்பு ஒரு புளியமரத்தில் மோதினாலும் அப்படித்தான். பீம் மரத்தைப் பிடித்து இரு பக்கமும் சுமையை அனுப்பாவிட்டால், மரம் நேரே ரேடியேட்டரைத் தாண்டி எஞ்சினிடம் போய்விடும்.

இந்த வேலைக்கு நம் வீட்டிலேயே பெயர் இருக்கிறது: உத்திரம். கூரைச் சுமையை வாங்கி இரண்டு தூண்களுக்குக் கொடுப்பது அது. வீட்டை முன்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தால் காரின் முகப்பு. ‘விட்டம்’ என்றும் சொல்லலாம்தான். ஆனால் குழாய் வடிவப் பீம் ஒன்று வந்தால் ‘விட்டத்தின் விட்டம்’ என்று எழுத நேரும்.

‘மோது’ என்பதை முன்னால் சேர்க்கலாமா என்று யோசித்தேன். புணர்ச்சி விதிப்படி அது ‘மோதுத்திரம்’ ஆகும். அதை ஒரு வகுப்பறையில் உரக்கச் சொல்லிப் பாருங்கள். மாணவர்கள் அன்று வேறெதையும் கேட்கமாட்டார்கள். பம்பர் தமிழில் குடியேறிவிட்ட சொல். ‘பம்பர் உத்திரம்’ போதும்.

பீமின் முனையில் மடியும் அந்தக் கூட்டுக்கு ‘நசுக்குகூடு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஓர் எழுத்து மாற வேண்டும். ‘நசுக்கு’ என்றால் பிறவினை, கூடு யாரை நசுக்குகிறது? தானே நசுங்குகிறது. ‘நசுங்குகூடு’ என்றால் வினைத்தொகையிலேயே அதன் வேலை முழுவதும் அடங்கிவிடும்.

சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுவது ஏன் என்றால், ‘தாங்கி’ என்ற எண்ணம்தான் ஊரெங்கும் கார்களின் முகப்பில் ‘புல் பார்’ என்ற தடித்த இரும்புக் கம்பிகளை மாட்டவைத்தது. 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. அந்தக் கம்பி நசுங்குகூட்டைத் தாண்டி நேரே சேசியில் பூட்டப்படுவதால், மடிய வேண்டியது மடிவதற்கு முன்பே அடி உள்ளே போகிறது. காற்றுப்பை உணரியின் கணக்கையும் அது குழப்பக்கூடும். எதிரில் நடந்துபோகிறவர் கதி தனி. வாங்கியவர்கள் எல்லோரும் ‘நன்றாகத் தாங்கும்’ என்றுதான் வாங்கினார்கள்.

---

யாழ்ப்பாணத்து நண்பரின் மறுமொழி:

ஐயா, ‘தாங்கி’ வேண்டாம் என்பதற்கு எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. இங்கே தண்ணீர்த் தாங்கி, எரிபொருள் தாங்கி என்பவை கொள்கலன்கள். ஒரே காரில் பின்னால் எரிபொருள் தாங்கியும் முன்னால் மோதுதாங்கியும் இருந்தால், முன்னால் எதை நிரப்புவது? உத்திரத்தை ஏற்கிறேன். ஆனால் எங்கள் பழைய வீடுகளில் அது ‘தீராந்தி’, போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். உத்திரம் என்றால் இங்கே பலருக்குப் பங்குனிதான் நினைவுக்கு வரும்.

---

யாழ்ப்பாணத்து நண்பருக்கு என் பதில்: பங்குனியைப் பற்றி எனக்குப் பயமில்லை. முன்னால் பம்பர் நிற்கும்போது யாரும் நாட்காட்டியைப் புரட்டமாட்டார்கள். தீராந்தியை அகராதிப் பதிவில் இணைச்சொல்லாகச் சேர்ப்போம்.

நீளச் சட்டம்தான் பாக்கி. உத்திரம் என்று சொன்ன வாயால் அதைத் தூண் என்று சொல்வதுதான் ஒழுங்கு. ஆனால் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் ஒன்றைத் தூண் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. யாருக்காவது வருகிறதா?